பச்சை நிறச் செயலியும் மேடான் நாத்தனாரின் ஃப்ரீசரும்

கேள்வி, சுருக்கமாக: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரரின் குடும்பம் இந்தோனேசியாவின் மேடான் நகரில், கம்போங் மெட்ராஸ் பக்கம். நாத்தனார் அங்கே மர்தபாக் கடை வைத்திருக்கிறார். ஃப்ரீசர் வாங்க 80 லட்சம் ரூபியா தேவை. "ஷரீஅத் முறை, வட்டி இல்லை, பத்தே நிமிடத்தில் பணம்" என்று ஒரு கைப்பேசிச் செயலி சொல்கிறது. நம்பலாமா? டிஜிட்டல் இஸ்லாமிய நிதி இந்தோனேசியாவில் ஏழைகளை எல்லாம் வங்கிக்குள் கொண்டுவந்துவிட்டது என்கிறார்களே, நிஜமா? சிங்கப்பூரில் ஏன் அப்படி ஒன்றும் இல்லை? என் சேமிப்பை இந்த மாதிரித் தளத்தில் போடலாமா?

வ அலைக்கும் ஸலாம். அவசரம் ஃப்ரீசருக்குத்தான் என்று தெரிகிறது. ஆனாலும் இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன். அது புரிந்தால் மற்றவை தானாகப் பிடிபடும்.

இந்தோனேசியாவில் முஸ்லிம்கள் 87 சதவீதத்தை ஒட்டி இருக்கிறார்கள். முதல் இஸ்லாமிய வங்கியான பேங்க் முஆமலாத் 1992இல் இயங்கத் தொடங்கியது. இஸ்லாமிய வங்கிகளுக்கென்று தனிச் சட்டம் 2008இல் வந்தது. அரசு வங்கிகளின் மூன்று ஷரீஅத் பிரிவுகளை ஒன்றாக்கி 2021 பிப்ரவரியில் பேங்க் ஷரியா இந்தோனேசியா பிறந்தது. கிளையே இல்லாமல் கைப்பேசியில் மட்டும் நடக்கும் ஷரீஅத் வங்கிகளும் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றான பேங்க் அலாதின், தெருமுனை அல்ஃபமார்ட் கடையிலேயே பணம் போட, எடுக்க ஏற்பாடு செய்தது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் கூடிவந்த மாதிரிதான் இருக்கிறது.

இப்போது அந்த நாட்டின் நிதிச் சேவை ஆணையமான ஓஜேகே எடுத்த கணக்கைப் பாருங்கள். 2022 ஆய்வில், ஏதாவது ஒரு நிதிச் சேவையைப் பயன்படுத்துவோர் 85.10 சதவீதம். ஷரீஅத் நிதிச் சேவையைப் பயன்படுத்துவோர் 12.12 சதவீதம். 2024 ஆய்வில் ஷரீஅத் நிதி பற்றிய அறிவு 39.11 சதவீதம் என்று வந்தது. 2022இல் அது 9.14தான். ஆய்வு முறை மாறியிருப்பதால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது. ஆனால் பயன்படுத்துவோர் விகிதம் 2024இலும் 12.88 சதவீதத்தில் ஏறக்குறைய அசையாமல் நின்றதை எந்த முறை மாற்றமும் மறைக்காது. விஷயம் தெரிந்தவர்கள் கூடியிருக்கிறார்கள், உள்ளே வந்தவர்கள் கூடவில்லை.

இதற்கு "மக்களுக்கு ஈமான் குறைந்துவிட்டது" என்று சிலர் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிறு வியாபாரிக்குக் கணக்கு இல்லாதது இன்று பெரிய குறையே அல்ல. அடையாள அட்டையைப் படம் எடுத்து, முகத்தைக் காட்டினால் கணக்கு திறந்துவிடும். அவருக்கு இல்லாதது இரண்டு: மழைக்காலத்தில் கடை படுத்தாலும் கழுத்தைப் பிடிக்காத முதல், பிறகு அவர் தொழிலை நேரில் பார்த்து "இவருக்குக் கொடுக்கலாம்" என்று சொல்ல ஒரு ஆள். இந்த இரண்டும் செயலிக்கு வராத வேலை. வேடிக்கை என்னவென்றால், இஸ்லாமிய நிதியின் அடிப்படையே இந்த இரண்டும்தான். லாபநஷ்டத்தில் பங்கு எடு, இல்லாவிட்டால் பொருளைக் கண்ணால் பார்த்து வாங்கி விற்றுக்கொடு என்பதுதான் அதன் சட்டம். வேகம் கூடக் கூட அந்தப் பகுதி தேய்ந்து, பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

சரி, டிஜிட்டலால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. அது நடந்த இடம் வேறு. இந்தோனேசிய மத்திய வங்கி 2019 ஆகஸ்ட் 17ஆம் தேதி, அவர்களுடைய சுதந்திர தினத்தன்று, க்ரிஸ் என்ற பொதுக் கியூஆர் குறியீட்டை அறிமுகப்படுத்தியது. எந்த வங்கி, எந்தப் பணப்பை என்றாலும் ஒரே அட்டை. குறு வியாபாரிகளிடம் 5 லட்சம் ரூபியா வரையிலான விற்பனைக்கு 2024 டிசம்பர் முதல் கட்டணமே கிடையாது. 2023 நவம்பரில் சிங்கப்பூரோடும் இணைத்தார்கள். இதில் சேர்ந்திருக்கும் வங்கியின் செயலி உங்களிடம் இருந்தால், நாத்தனார் கடை அட்டையை இங்கிருந்து போகும் நீங்களே ஸ்கேன் செய்து மர்தபாக்குக்குக் காசு கொடுக்கலாம்.

க்ரிஸ் இஸ்லாமியமும் இல்லை, இஸ்லாத்துக்கு மாறானதும் இல்லை. வெறும் குழாய். ஆனால் ஆறு மாதம் அந்தக் குழாய் வழியாக விற்பனைப் பணம் வந்தால், நாத்தனார் கையில் ஒரு பேரேடு தானாக எழுதப்பட்டிருக்கும். எந்த நாளில் எவ்வளவு, நோன்பு மாதத்தில் எவ்வளவு ஏறியது என்று எல்லாம் அதில் இருக்கும். கடன் கேட்டுப் போகும்போது "கடை நன்றாகப் போகுது பாய்" என்று வாயால் சொல்வதைவிட இதற்கு மதிப்பு அதிகம். அவர் இன்னும் அந்த அட்டை வாங்கவில்லை என்றால், ஃப்ரீசருக்கு முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

மேடானுக்கு வடக்கே இருக்கும் அச்சேயில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே 2018இல் ஒரு மாகாணச் சட்டம் போட்டார்கள்: அச்சேயில் இயங்கும் எல்லா நிதி நிறுவனங்களும் ஷரீஅத் முறைக்கு மாற வேண்டும், அதற்கு மூன்று வருட அவகாசம். மற்ற வங்கிகள் ஒன்று மாறின, இல்லையேல் மூட்டை கட்டின. மாகாணம் பெரிய அளவில் பேங்க் ஷரியா இந்தோனேசியாவை நம்ப வேண்டியதாயிற்று. 2023 மே மாதம் அந்த வங்கியின் கணினிகள்மீது சைபர் தாக்குதல். லாக்பிட் என்ற கும்பல் தாங்கள்தான் செய்தோம் என்றது. ஏடிஎம், செயலி, கிளை எல்லாம் நாள் கணக்கில் முடங்கின. ஜகார்த்தாக்காரர் வேறொரு வங்கி அட்டையை நீட்டி அன்றைய பிழைப்பை ஓட்டிவிட்டார். அச்சேக்காரருக்கு அந்த வசதி அதிகம் இல்லை. சட்டத்தைத் திருத்தி வழக்கமான வங்கிகளைத் திரும்ப அழைக்கலாமா என்ற பேச்சு உடனே கிளம்பியது. மார்க்கத்துக்கு உகந்த வங்கி வேண்டும் என்பதில் தப்பே இல்லை. ஆனால் ஊர் மொத்தமும் ஒரே கூடையில் முட்டையை வைத்தால், கூடைக்கு எந்தப் பெயர் இட்டாலும் ஒன்றுதான்.

இனி ஃப்ரீசர்.

நீங்கள் அனுப்பிய செயலியின் ஸ்கிரீன்ஷாட்களைப் பார்த்தேன். பச்சைப் பின்னணி, மேலே பிஸ்மில்லாஹ், கீழே "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரே பொத்தான். அந்த ஒரு தட்டில் நாத்தனார் எத்தனை ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைக்கிறார் என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. முதலாவது வகாலா: நிறுவனத்தின் சார்பில் ஃப்ரீசரை வாங்க நாத்தனாரையே முகவர் ஆக்குகிறார்கள். இரண்டாவது முராபஹா: அப்படி வாங்கிய ஃப்ரீசரை நிறுவனம் லாபம் வைத்து நாத்தனாருக்கே தவணையில் விற்கிறது. காகிதத்தில் பார்த்தால் சுத்தமான வியாபாரம். முராபஹாவும் காலங்காலமாக ஏற்கப்பட்ட முறைதான். ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. பொருள் முதலில் விற்பவர் கைக்கு வர வேண்டும், அப்புறம்தான் விற்கலாம். இந்தோனேசிய உலமா சபையின் தேசிய ஷரீஅத் குழு 2000ஆம் ஆண்டில் கொடுத்த நான்காம் எண் ஃபத்வா இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாடிக்கையாளரையே முகவராக அனுப்பினாலும், பொருள் வங்கிக்குச் சொந்தமான பிறகுதான் விற்பனை ஒப்பந்தம் போட வேண்டும்.

ஒரே தட்டில் இரண்டும் முடிந்தால் ஃப்ரீசர் எப்போது நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது? எப்போதும் இல்லை. வழியில் லாரி கவிழ்ந்து ஃப்ரீசர் நொறுங்கினால் நஷ்டம் யாருக்கு? நாத்தனாருக்கு. ரசீது கேட்கிறார்களா என்றும் பார்த்தேன். கேட்கவில்லை. பணம் நேரே அவர் கணக்குக்கு வருகிறது. அவர் அதில் ஃப்ரீசர் வாங்கினாலும் சரி, வாடகை பாக்கி கட்டினாலும் சரி. இது ரொக்கக் கடன், மேலே வியாபாரச் சட்டை போட்டிருக்கிறது. என் அபிப்பிராயம் இது. ஃபத்வா கொடுக்க நான் ஆலிம் இல்லை. பல ஆலிம்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஹலாலா இல்லையா என்பது ஒருபுறம் இருக்க, விலையைப் பார்ப்போம். 80 லட்சம் கொடுத்து, மாதம் 8 லட்சம் வீதம் 12 தவணை, மொத்தம் 96 லட்சம். "லாபம் 20 சதவீதம்தான்" என்று எழுதியிருக்கிறார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் முதல் மாதமே 8 லட்சம் திரும்பிப் போகிறது. வருடம் முழுக்க 80 லட்சமும் அவர் கையில் இருப்பதில்லை. குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 35 சதவீதம் வருகிறது. நம்ம ஊர் அடகுக்கடைக்காரர் கேட்டால்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார். முராபஹாவில் விலை முன்கூட்டியே நிலையாகிவிடும், இடையில் ஏறாது என்பது உண்மையான நன்மை. அதற்காக அந்த விலை மலிவு என்று ஆகிவிடாது.

தவணை தவறினால் என்ன என்பதையும் பாருங்கள். அதே ஷரீஅத் குழுவின் 17ஆம் எண் ஃபத்வா இப்படிச் சொல்கிறது: கட்ட முடியாத நிலையில் இருப்பவருக்கு அபராதம் போடக் கூடாது. வசதி இருந்தும் வேண்டுமென்றே இழுத்தடிப்பவருக்குப் போடலாம். அந்தப் பணம் நிறுவனத்தின் வருமானமாகக் கூடாது, பொதுநலக் காரியத்துக்குப் போக வேண்டும். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் "தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு" என்று மட்டும் இருக்கிறது, எங்கே போகிறது என்று இல்லை. ஒரு நிறுவனத்தின் ஷரீஅத் தன்மையைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து கிடையாது. பச்சை நிறத்தையும் பிறையையும் விட்டுவிட்டு அபராதப் பத்தியைப் படியுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அந்தச் செயலி ஓஜேகேயின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று 157 என்ற எண்ணில் நாத்தனாரை விசாரிக்கச் சொல்லுங்கள். அனுமதி பெற்ற இணையக் கடன் செயலிகள் கைப்பேசியில் கேமரா, மைக், இருப்பிடம் மூன்றை மட்டும்தான் கேட்கலாம். தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் கேட்டால் அன்றே அழித்துவிடுங்கள். "பின்ஜோல்" என்று அங்கே எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் கள்ளச் செயலிகள், தவணை தவறியதும் மாமனார், சம்பந்தி, மதரஸா உஸ்தாது வரை எல்லோருக்கும் செய்தி அனுப்பி மானத்தை வாங்குவது அந்தத் தொடர்பு எண்களை வைத்துத்தான். அனுமதி பெற்றவற்றிலும் விலை குறைவு இல்லை. 2024இல் நுகர்வுக் கடனுக்கு ஓஜேகே வைத்த உச்சவரம்பே நாளொன்றுக்கு 0.3 சதவீதம். 80 லட்சத்துக்கு முப்பது நாளில் 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபியா.

அப்படியானால் அவர் எங்கே போவார்? அங்கே உண்மையிலேயே ஏழைப் பெண்களைத் தொட்ட ஷரீஅத் நிதி, பளபளப்பான செயலியில் இல்லை. பிடிபிஎன் ஷரியா என்ற வங்கி கிராமத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, பிணை கேட்காமல் நிதி கொடுக்கிறது. அதன் களப்பணியாளர்கள் பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்த இளம்பெண்கள். மோட்டார்சைக்கிளில் வீட்டுக்கே வந்து, பாயில் உட்கார்ந்து, குழுக் கூட்டத்தில் வசூலிப்பார்கள். அரசின் பிஎன்எம் மெக்கார் திட்டமும் அதே வழிதான், அதிலும் ஷரீஅத் பிரிவு உண்டு. மலிவு என்று சொல்ல மாட்டேன், ஆள் வைத்துச் செய்யும் வேலைக்குச் செலவு அதிகம். ஆனால் அந்தப் பெண் ஃப்ரீசரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போவாள். கணினியை அவளுடைய கணக்குப் புத்தகத்துக்குப் பதிலாக வைத்திருக்கிறார்கள், அவளுக்குப் பதிலாக வைக்கவில்லை. டிஜிட்டல் பயன்படும் முறை இதுதான் என்பது என் கட்சி.

அப்புறம் பைத்துல் மால் வத் தம்வீல் என்ற கூட்டுறவுகள். பள்ளிவாசல், சந்தை, மதரஸாவைச் சுற்றி வளர்ந்தவை. ஒரு கை ஜகாத்தும் சதக்காவும் வாங்கிக் கொடுக்கும், மறு கை வியாபாரத்துக்கு முதல் தரும். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் பைத்துல்மால் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் உள்ளது இருந்தால் நாத்தனார் அங்கே கடன் வாங்கலாம். ஆனால் சேமிப்பைப் போடும்போது ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: ஷரீஅத் வங்கியில் போட்ட பணத்துக்கு 200 கோடி ரூபியா வரை அரசின் வைப்புக் காப்பீடு உண்டு, கூட்டுறவில் போட்டதற்கு அந்தக் காப்பீடு கிடையாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் நான் தட்டச் சொல்லும் கதவு கூர் என்ற அரசு மானியக் கடன். 2023 விதிகளில், இதுவரை கூர் வாங்காதவருக்கு 1 கோடி ரூபியா வரை 3 சதவீதத்துக்குக் கொடுக்கும் பிரிவு இருக்கிறது. அவருக்குத் தேவை 80 லட்சம், உள்ளே அடங்கிவிடும். பேங்க் ஷரியா இந்தோனேசியாவும் கூர் கடனை முராபஹா போன்ற ஒப்பந்தங்களில் கொடுக்கிறது. வணிக எண் பதிவு, அடையாள அட்டை, கடைப் படம் என்று சில காகிதம் கேட்பார்கள், ஒருவர் வந்து பார்ப்பார், பத்து நிமிடத்தில் ஆகாது. 35க்கும் 3க்கும் உள்ள தூரத்துக்கு இரண்டு மூன்று வாரம் அலைவது மோசமில்லை.

சிங்கப்பூர் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஆள் போதாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் முஸ்லிம்கள் 15.6 சதவீதம். டிபிஎஸ் 2007இல் இஸ்லாமிக் பேங்க் ஆஃப் ஏஷியாவைத் தொடங்கியது. போதிய அளவுக்கு வளரவில்லை என்று 2015இல் படிப்படியாக மூட முடிவு செய்தது. 2020 டிசம்பரில் நாணய ஆணையம் தேர்ந்தெடுத்த நான்கு டிஜிட்டல் வங்கிகளில் ஒன்றும் இஸ்லாமிய வங்கி இல்லை. மேபேங்க், சிஐஎம்பி இரண்டிலும் இங்கே ஷரீஅத் முறைக் கணக்குகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் மலேசியாவில் கதை வேறு. அங்கே 2024 மே மாதம் ஏயோன் பேங்க் முதல் இஸ்லாமிய டிஜிட்டல் வங்கியாகத் தொடங்கியது. ஆனால் சிங்கப்பூர் இதில் ஒன்றுமே செய்யவில்லை என்பவர்களை பென்கூலன் தெருவுக்கு அழைத்துப்போக வேண்டும். தமிழில் பயான் கேட்கும் அந்தப் பள்ளிவாசல் இருக்கும் வக்ஃபு நிலத்தில் கட்டடம் எழுப்ப, சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முஷாரக்கா என்ற கூட்டுமுதலீட்டுப் பத்திரம் வெளியிட்டு 3 கோடியே 50 லட்சம் வெள்ளி திரட்டியது. செயலி எதுவும் இல்லாத காலம் அது. பங்கு போட்டார்கள், கட்டினார்கள், வாடகையில் திருப்பினார்கள்.

உங்கள் சேமிப்பு விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். "ஹலால், வருடம் 12 சதவீதம் நிச்சயம்" என்று ஒருவர் சொன்னால் அந்த வாக்கியமே தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. பங்கு முதலீட்டில் முதலுக்கும் லாபத்துக்கும் உறுதி கொடுக்க முடியாது. உறுதி கொடுத்தால் அது பங்கு இல்லை. பெங்களூரில் ஐ மானிட்டரி அட்வைசரி என்ற நிறுவனம் ஹலால் முதலீடு என்று சொல்லித்தான் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் வாங்கி 2019 ஜூனில் கவிழ்ந்தது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த காசு, ஹஜ்ஜுக்குச் சேர்த்த காசு எல்லாம் அதில் போனது. இந்தியாவில் வட்டியில்லா வங்கி வேண்டும் என்று 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தும், ரிசர்வ் வங்கி 2017இல் அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டது. முறையான கதவு மூடியிருக்கும் இடத்தில் இப்படிப்பட்டவர்களுக்குத்தான் கொண்டாட்டம். சிங்கப்பூரில் எந்தத் தளமாக இருந்தாலும் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்றோர் பட்டியலிலும் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலிலும் பெயரைத் தேடிவிட்டுப் பேசுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஹஜ்ரத் ஒருவர் பரிந்துரைத்தார் என்பது உரிமம் ஆகாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 80 லட்சம் ரூபியா என்பது நம் காசுக்கு 600, 700 வெள்ளி. பாதுகாப்பான இடம் தேடும் சேமிப்பு உங்களிடமே இருக்கிறது என்கிறீர்கள். கூர் கிடைக்கத் தாமதமானால் நீங்களே கொடுக்கலாம். கர்ழன் ஹஸனாவாக, கொடுத்ததை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்வது ஒரு வழி. இல்லை, கூட்டுவியாபாரம் என்றால் ஃப்ரீசரில் வைத்து விற்கும் சாமான்களின் லாபத்தில் இத்தனைக்கு இத்தனை பங்கு, நஷ்டமானால் போட்ட முதலின் விகிதத்தில் இருவருக்கும். எதுவானாலும் எழுதிக்கொள்ளுங்கள். "குடும்பத்துக்குள்ளே எதுக்கு எழுத்து" என்று வீட்டுக்காரர் சொல்வார். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், பகரா அத்தியாயத்தின் 282ஆவது, கடனை எழுதி சாட்சி வைக்கச் சொல்வதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள். தொகை, எந்த நாளில் எவ்வளவு, கடை படுத்தால் எத்தனை மாதம் பொறுப்பீர்கள், இரண்டு சாட்சிகளின் பெயர். ஒரு பிரதி மேடானில், ஒன்று உங்களிடம். தவணையை க்ரிஸ் கணக்கில் விழும் பணத்திலிருந்து மாதம் ஒருமுறை தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பெருநாள் மாதத்தில் கொஞ்சம் கூடுதலாக, அதற்கடுத்த மந்தமான மாதத்தில் குறைவாக என்று முதலிலேயே பேசிக்கொண்டால் மனஸ்தாபம் வராது.